பணிவிடைக்கு நேரம் எங்கே?



கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், முந்திரி ஆலைகள் உள்ள ஓர் ஊர். அங்குள்ள நிழல் தாங்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து, கூடியிருந்தவர்களுக்குத் திருநாமம் சாத்திக்கொண்டிருந்தார்கள். அன்புக்கொடி மக்களில் ஒரு அம்மையார் மட்டும் வாசல் நடையிலேயே நின்றுவிட்டார். பணிவிடை செய்யும் பெரியவர் அதைக் கவனித்தார்.

“ஏன் மக்களே, அங்கேயே நிக்கிய?”

“நாலு மாசமாச்சு பாட்டா இங்க வந்து. உள்ள வரக் கூச்சமா இருக்கு.”

“என்ன பாடு?”

அம்மையார் சொன்ன பாடு இந்த ஊர்ப் பெண்கள் பலருக்கும் தெரிந்த பாடுதான். கணவர் வெளிநாட்டில் கட்டட வேலை. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பு மகள். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. வாய் பேச வராது. அவரை விடிவதற்கு முன்பே எழுப்பி, துடைத்து, துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அதுவும் எந்த நேரம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு முந்திரி ஆலைக்கு ஓட வேண்டும். அங்கே தோலெடுக்கும் வேலை. எடுத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. அரைமணி நேரம் தாமதமாகப் போனால் அந்த அரைமணி நேரக் கூலி போயிற்று. மாலையில் வந்தால் அடுக்களை, மாமியார், குழுக்கடன் கட்டும் நாளானால் மகளிர் குழுக் கூட்டம். இதற்கு நடுவில் கல்யாணம், சடங்கு, துட்டி வீடு என்று உறவுக்காரர்கள் எதிர்பார்ப்பது வேறு. எதற்குப் போகாமல் இருந்தாலும் ஒரு வருத்தம்.

“எல்லாத்துக்கும் ஓடுதேன் பாட்டா. அய்யாவுக்கு மட்டும்தான் நேரம் இல்லாமப் போச்சு. கமிட்டியில உள்ளவங்க ரெண்டு தடவை சொல்லி விட்டுட்டாங்க, வாரதே இல்லையேன்னு. அது நிசந்தானே?”

பெரியவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை. “நீ இங்க நிக்கிற இந்த நேரம் அங்க உன் மாமிக்கு ஆரு தண்ணி கொடுப்பா?” என்று கேட்டார். “பக்கத்து வீட்டு அக்காவ இருக்கச் சொல்லிட்டு வந்தேன்” என்றார் அம்மையார். பெரியவர் தாங்கல் முற்றத்தைக் காட்டினார். “இந்த முத்தத்தை முப்பது வருசம் தூத்தது ஆரு, தெரியுமா?” அம்மையாருக்குத் தெரியும். மாமியார்தான். “அந்தக் கையைத்தானே மக்களே நீ தினமும் விடியக்காலம் துடைச்சு விடுத? பிறகு அய்யாவுக்கு நேரம் இல்லைன்னு எப்படிச் சொல்லுத?”

இந்தக் கேள்விதான் இங்கே பாடம். ஒரே நேரத்தில் பல கடமைகள் கூப்பிடும்போது எதற்கு முதலில் போவது என்பதற்கு அய்யா வழியில் ஓர் அளவுகோல் இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிக் காப்பதையே அய்யா தருமம் என்றார். அன்புக்கொடி மக்களுக்கு இது சின்ன வயது முதல் கேட்டுப் பழகிய சொல். சாதிக் கொடுமையைப் பற்றிப் பேசும்போது இதை எடுத்துச் சொல்கிறோம். அன்ன தருமம் செய்யும்போது சொல்கிறோம். ஆனால் ஒரு வீட்டுக்குள், ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், இந்தச் சொல்லை வைத்து அளந்து பார்ப்பது குறைவு. உரத்துக் கூப்பிடுகிறவர் யார் என்று பார்த்து ஓடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் முகம் வாடும் என்று ஓடுகிறார்கள். குழுத் தலைவி சத்தம் போடுவார் என்று ஓடுகிறார்கள். படுக்கையில் கிடப்பவருக்குச் சத்தம் போட முடியாது. அதனால் அவருடைய முறை கடைசியில் வருகிறது. அய்யா தந்த அளவுகோல் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறது. தன்னால் கேட்க முடியாதவர் முதலில், கேட்கத் தெரிந்தவர் பிறகு.

அம்மையார் இந்த அளவுகோலின்படி ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தார். அது பணிவிடை என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. செய்கிற தருமத்தைத் தருமம் என்று அறியாமல், செய்யாத ஒன்றை நினைத்து நான்கு மாதம் நொந்துபோயிருந்தார்.

வேலை மிகுந்த வாழ்க்கை புதிதாக வந்த ஒன்று என்று எண்ண வேண்டியதில்லை. 1833ஆம் ஆண்டு மாசி மாதம் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலில் அவதரித்து வந்தபின் அவரைத் தேடி வந்த மக்கள் யார்? பனை ஏறுகிறவர்கள் அவர்களில் மிகப் பலர். பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு பனையாக ஏறி இறங்க வேண்டும். பெண்கள் விறகு பொறுக்கி, பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற வேண்டும். அடுப்பில் இருக்கும் பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது. பதம் தப்பினால் அன்றைய உழைப்பு வீண். அதற்கு மேல் திருவிதாங்கூர் அரசின் ஊழியம். கூலி இல்லாத வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டால் போயாக வேண்டும். பனைக்கு வரி, ஏணிக்கு வரி, தலைக்கு வரி. அந்த மக்களுக்கு அவர்களுடைய நேரமே சொந்தமில்லை. இன்று நேரம் போதவில்லை. அன்று நேரம் பிடுங்கப்பட்டது.

அப்படிப்பட்ட மக்களிடம் அய்யா வீட்டை விட்டு வா என்று சொல்லவில்லை. இல்லறத்தில் நின்றுதான் தவம் என்பது அகிலத்திரட்டு தரும் போதனை. இதற்குத் துவையல் தவசைவிடத் தெளிவான சான்று இல்லை. கன்னியாகுமரிக்கு அருகே வாகைப்பதியில் கடலோரம் கூடியவர்கள் எழுநூறு குடும்பத்தார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு போனார்கள். பிறகு முட்டப்பதியிலும் தவசு தொடர்ந்தது. அவர்கள் செய்த தவம் என்ன? குளிப்பது, துணி துவைப்பது, அளவோடு உண்பது, அய்யாவை நினைப்பது. நெருப்பு நடுவே நின்று செய்யும் தவம் அல்ல அது. எந்த வீட்டிலும் தினமும் நடக்கிற வேலைகளையே எடுத்து, அவற்றையே தவமாக்கினார் அய்யா. தவத்தின் பெயரே துவையல்! துணி துவைப்பது தவமாக முடியும் என்றால், படுக்கையில் கிடப்பவரின் துணியைத் துவைப்பது தவம் ஆகாதா?

இன்னொன்றும் உண்டு. அய்யா தாமே இருந்த தவம் ஆறு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு தரைக்கு மேலே இருக்கையில். ஒவ்வொரு தவத்துக்கும் தனித்தனி நோக்கம் இருந்தது என்று ஏடு வாசிப்பில் கேட்டவர்களுக்குத் தெரியும். எல்லாம் வல்ல அய்யா மூன்று நோக்கத்துக்கும் ஒரே நேரத்தில் தவம் இருந்திருக்கக் கூடாதா? ஒன்றை முடித்து ஒன்றைத் தொடங்கினார். ஒரு வீட்டின் வாழ்க்கையிலும் குழிக்குள் இருக்கிற காலம் ஒன்று உண்டு. மாமியார் படுக்கையில் கிடக்கிற காலம், கைக்குழந்தை உள்ள காலம், வேலை போய்க் கடன் தலைக்கு மேல் நிற்கிற காலம். அந்தக் காலத்தில் தாங்கல் கமிட்டியிலும் இருந்து, ஊர் திருவிழாவிலும் முன்னால் நின்று, எல்லாக் கல்யாணத்துக்கும் போய்ச் சமாளிப்பேன் என்றால் உடம்புதான் விழும். முன்னால் நிற்கிற காலம் பிறகு வரும்.

அதற்காக அய்யா நினைவே இல்லாமல் இருக்கலாம் என்று பொருள் இல்லை. பெரியவர் அம்மையாரிடம் அதையும் கேட்டார். “காலையில நாமம் போடுதியா?”

அம்மையார் கையைக் காட்டினார். ஆலை வேலையில் விரல்களில் ஏறிய கறை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறை அது. “இந்தக் கையால போடவான்னு விட்டுட்டேன் பாட்டா” என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டார். “பனையேறி நெஞ்சு முழுக்கத் தழும்போட வந்தவன்தான் மக்களே முதல்ல அய்யாகிட்ட நாமம் வாங்கினவன். பிள்ளைகளுக்குச் சோறு போடுத கறை அது. போடு, போடு.”

அந்த வீட்டில் மாமியார் காலத்திலேயே வைத்த நிலைக்கண்ணாடியும் குத்துவிளக்கும் இருந்தன. விடியற்காலையில் எழுந்து முகம் கைகால் கழுவி, விளக்கேற்றி, கண்ணாடி முன் நின்று நாமம் இட்டு, தெரிந்த அளவு உகப்படிப்பைச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும்? அதிகம் ஆகாது. பூ இல்லை, காணிக்கை இல்லை, பூசாரி இல்லை, யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஏழை மக்களின் நேரத்தையும் காசையும் உறிஞ்சாத வழிபாடாகவே அய்யா இதைத் தந்தார். நோய் என்று வந்தவர்களுக்கும் மண்ணையும் தண்ணீரையும்தான் கொடுத்தார். எல்லார் வீட்டிலும் உள்ளவை அவை. உச்சி நேரத்தில் ஆலையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது அய்யாவை நினைக்க இடம் தேட வேண்டியதில்லை. கண்ணாடியில் தெரிந்தவர் கூடவேதானே வந்திருக்கிறார்.

நாள் தவறாமல் செய்கிற சிறிய காரியம், எப்போதாவது செய்கிற பெரிய காரியத்தைவிட மனத்தை நிறுத்தும். மாதத்தின் முதல் ஞாயிறு சுவாமித்தோப்புக்குப் போய் முத்திரிக் கிணற்றில் பதம் விட்டு வருவது பெரும் பாக்கியம். போக முடிகிறவர்கள் போகட்டும். ஆனால் அந்த ஒருநாள் போய்வந்துவிட்டு மீதி நாட்களில் விளக்கும் ஏற்றாமல், வீட்டில் உள்ளவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தால், வண்டிச் செலவுதான் மிச்சம்.

பெரியவரின் அடுத்த கேள்வி கொஞ்சம் கடுமை. “பையன் என்ன செய்யான்?”

“படிக்கான் பாட்டா. பிளஸ் டூ.”

“பாட்டிக்குக் கஞ்சி கொடுக்க அவன் படிக்கலியோ?”

அம்மையாருக்குப் பதில் இல்லை. பல வீடுகளில் நேரம் போதாததற்குக் காரணம் வேலை மிகுதி அல்ல. வேலை முழுவதும் ஒருவர் தலையில் இருப்பது. தாங்கல் திருவிழாவில் பெரிய அண்டாவில் அன்னம் வடிக்க ஆண்கள் போட்டி போட்டு வருகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிப் பந்தி பரிமாறுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அதே கைகள் வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவுவதில்லை. தாங்கலில் செய்தால் பணிவிடை, வீட்டில் செய்தால் பெண்ணின் வேலை என்று அய்யா எங்கே பிரித்தார்? துவையல் தவசில் அவரவர் துணியை அவரவர் துவைக்கவில்லையா? ஆண் மக்கள் தலைப்பாகை கட்டி அய்யா முன் நிற்பது தலைநிமிர்வின் அடையாளம். அது வேலையிலிருந்து விலக்குச் சீட்டு அல்ல.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை ஒரு நாளில் அரைமணி நேரம் பாட்டியோடு இருந்தால் மதிப்பெண் குறையும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்தப் பிள்ளையே கைப்பேசியில் கழிக்கிற நேரத்தை யாரும் எண்ணுவதில்லை.

இனி, இந்தப் பாடத்தின் மறுபக்கம். அம்மையாரின் கதையைக் கேட்டு, “எனக்கும் அப்படித்தான், நேரமே இல்லை” என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களும் அதே அளவுகோலை எடுத்து அளக்க வேண்டும். தாழ்ந்து கிடக்கும் யாரைக் காக்க அந்த நேரம் போகிறது? பக்கத்து வீட்டைவிடப் பெரிய வீடு கட்டி, அந்தக் கடனுக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம். மொய் எழுதிய நோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிச் செய்கிற ஓட்டம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டே நடுச்சாமம் வரை விழித்திருந்துவிட்டு, விடியற்காலையில் எழ முடியவில்லை என்கிற அலுப்பு. இதெல்லாமும் களைப்புத்தான். ஆனால் தருமத்தில் வந்த களைப்பு அல்ல. கலி வாளோடு வந்து வழி மறிப்பதில்லை. இதோ இன்னும் ஒன்று, இதையும் முடித்துவிடு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே கூட நடக்கிறது. பத்துக் கடமையில் எது தன்னுடைய ஆசை, எது பிறருடைய பசி என்று பிரித்துப் பார்த்தால் நாலைந்து தாமே உதிர்ந்துவிடும்.

அம்மையாரும் அப்படிச் சிலவற்றை விட்டார். தூரத்து உறவின் சடங்குகளுக்கு மகள் கையில் கொடுத்து அனுப்பினார். போக முடியாத கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் போய் இருந்து பேசிவிட்டு வந்தார். இரண்டு குழுவில் இருந்த சீட்டை ஒன்றாக்கினார். ஒரு சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லைதான். அது ஒன்றும் செய்வதற்கில்லை.

தாங்கல்களை நடத்துகிறவர்களும் இதில் ஒரு சொல் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று அம்மையாரைக் குறை சொல்லி விட்டவர்களில் ஒருவர்கூட அதுவரை அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. வராதவர் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்ப்பதல்லவா தாங்கலின் வேலை? பெயரே தாங்கல். தாங்குவதற்காக ஏற்பட்டது. திருவிழாவுக்கு ஆண்டுதோறும் மேளம், பந்தல், விளக்கு என்று கூடிக்கொண்டே போய், அதற்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். சில ஊர்களில் அதற்கு ‘வரி’ என்றே பெயர். வரிக்கொடுமையில் நொந்துபோன மக்களுக்காக அய்யா வந்தார். அவர் பெயரால் நடக்கிற காரியத்துக்கு அந்தச் சொல் வாயில் வரக் கூச்சமாக இருக்க வேண்டாமா? எடைக்குக் கூலி வாங்குகிற வீட்டில் ஒரு மேளத்தின் பங்கு எத்தனை நாள் தோலெடுப்பு என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பந்தலுக்கு ஆள் பேசலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் அம்மையாருக்கு நாமம் சாத்தி, ஒரு இலையில் கொஞ்சம் திருநாமம் பொதிந்து மாமியாருக்கென்று கொடுத்தனுப்பினார். மறுநாள் மாலை அவரும் இன்னும் இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அதன்பின் வாரத்தில் ஒருநாள் தாங்கலிலிருந்து யாராவது ஒரு பெண் அந்தக் கட்டிலருகே இருக்க ஏற்பாடாயிற்று. பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர் பூ கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருப்பார். அந்த ஒரு மணி நேரம் அம்மையார் தாங்கலுக்குப் போய் வருவார். சில வாரம் போகாமல் வீட்டிலேயே படுத்துத் தூங்கினார். யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் தாங்கலில் திரு ஏடு வாசிப்பு வந்தது. அகிலத்திரட்டு 1841ஆம் ஆண்டு எழுதப்பட்ட மாதமும் கார்த்திகைதான். திருக்கல்யாண ஏடு வாசிக்கும் நாளில் அம்மையார் கட்டாயம் வர வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அன்று கட்டிலருகே இருக்கிறேன் என்று முன்வந்தது மகன். வாசிப்பைத் தன் தாயின் கைப்பேசி வழியே கேட்டு, தன்னுடைய கைப்பேசியைப் பாட்டியின் தலையணை ஓரம் வைத்திருக்கிறான். பாட்டிக்குப் பேச்சு வராது. ஆனால் முப்பது வருடம் கேட்ட ஏடு அல்லவா? வாசிப்பவர் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கியபோது, அடுத்து வர வேண்டிய அடிக்குப் பாட்டியின் உதடு அசைந்ததைப் பையன் பார்த்தான். அவன் ஏட்டுப் படிப்பை அதுவரை உட்கார்ந்து கேட்டவன் அல்ல. வாசிப்பு முடிகிற வரை அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைப்பேசியை அணைத்து எடுத்து வைத்தான். பிறகு கஞ்சி ஆறிப்போயிருக்குமே என்று எழுந்து அடுக்களைக்குப் போனான்.